நார்மல் அண்ணன் பார்க்காத நிறம்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக் கூட அவர் 'நார்மல் அண்ணன்'தான். சாதுவான ஆள், அதனால் வைத்த பெயர் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சாதுதான், ஆனால் பெயர் வந்த வழி வேறு.

மூன்றாவது மாடியில், லிஃப்ட்டை ஒட்டிய நீள அறையில் பதினாறு பேர் உட்கார்ந்து மெஷ் போட்டார்கள். கம்பெனிகள் இயந்திரப் பாகங்களின் வடிவத்தைக் கம்ப்யூட்டர் ஃபைலாக அனுப்பும். ஒரு கதவு, ஒரு குழாய், ஒரு தொட்டி. அந்த வடிவத்தின் மேல் வலை போர்த்தியது போல, சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துக் கொடுப்பது இவர்கள் வேலை. அந்த வலையை வைத்துத்தான் பாகம் தாங்குமா, முறியுமா என்று பிறகு கணக்குப் போடுவார்கள். வலையின் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. முக்கோணத்தின் நடுவில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாக நட்டது போல ஒரு திசை இருக்கும். ஊசித்தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அது வெளிப்பக்கம். அந்தத் திசைக்கு நார்மல் என்று பெயர். ஊசி திரும்பி நின்றால், கணக்கில் காற்று தள்ள வேண்டிய பக்கம் மாறிப்போகும். எல்லா நார்மலும் வெளியே பார்த்து நிற்கின்றனவா என்று கடைசியாகப் பார்த்து அனுப்புவது அவர் பொறுப்பு.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் வெளிப்பக்கம் பச்சையாகவும் உள்பக்கம் செங்கல் நிறமாகவும் மாறும். பச்சைக்கு நடுவே செங்கல் நிறத்தில் திட்டு தெரிந்தால் திருப்பிவிட வேண்டியதுதான். கண் இருக்கிற யாரும் செய்யலாம்.

அவருக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றுதான்.

இருபத்தொரு வயதில், ரயில் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் அது தெரியவந்தது. டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்து, புள்ளிகளுக்கு நடுவே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்.

"எண் எதுவும் இல்லையே டாக்டர். வெறும் புள்ளிதான் இருக்கு."

டாக்டர் இன்னும் ஐந்து பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். "உங்க அம்மா வழியில யாருக்காவது இப்படி இருக்காப்பா?"

வீட்டுக்கு வந்து கேட்டபோது அம்மா கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எங்க அண்ணனுக்கு அப்படித்தான். பழுத்தது எது, காய் எதுன்னு தெரியாது. அதுக்கே அடி வாங்குவான்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான்தான் உனக்குக் குடுத்துட்டேன்" என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, "இனிமே இதை யாருகிட்டயும் சொல்லாத. கேட்டா இல்லைன்னு சொல்லு" என்றாள்.

இருபத்தேழு வயதில் இந்த அலுவலகத்தில் சேர்ந்தார். விண்ணப்பத்தில் 'கண் குறைபாடு ஏதும் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

முதல் சில வருடங்கள் சிக்கல் இல்லை. அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் இஷ்டப்படி நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். பச்சையை நீலமாகவும் செங்கலை மஞ்சளாகவும் மாற்றி வைத்துக்கொண்டார். கேட்டவர்களிடம், "நீலம் கண்ணுக்குக் குளுமையா இருக்கும்" என்றார். இரண்டு பேர் அவரைப் பார்த்து நீலத்துக்கு மாறினார்கள்.

மனைவிக்குக் கல்யாணமான ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. "சிவப்புச் சட்டையைக் கொண்டாங்கன்னா மூணாவது தடவையா பச்சைச் சட்டையைக் கொண்டு வர்றீங்க. வெளையாடுறீங்களா?" அவர் உண்மையைச் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் சட்டைகளின் கழுத்துப்பட்டியில் உள்பக்கமாக ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று நூலில் அடையாளம் தைத்து வைத்தாள். கடைக்குப் போய்த் தக்காளி வாங்கும் வேலையை அவரிடம் கொடுப்பதே இல்லை. மாமியார் வீட்டில், "மாப்பிள்ளைக்கு ஒரு வேலை சொல்ல விட மாட்டேங்குறா, இப்படியா தலையில தூக்கி வச்சுக்குவாங்க" என்று பேசிக்கொண்டார்கள். அவளும் அந்தப் பேச்சை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவருக்கு முப்பத்து மூன்று வயதானபோது அலுவலகத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே சர்வரில் இணைத்தார்கள். காலையில் உள்ளே நுழைந்ததும் எல்லோர் திரையிலும் ஒரே அமைப்பு. நீலமும் மஞ்சளும் போய்விட்டன. கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவனிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் சார். உங்களுக்கு மட்டும் மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க. வேணும்னா இந்த ஃபாரம்ல காரணம் எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்."

காரணம் என்ற இடத்தில் நாலு கோடு விட்டிருந்தார்கள். ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து இரண்டு மாதம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒவ்வொரு முக்கோணமாக ஊசியை வரவழைத்து, எண்களைப் படித்துப் பார்த்து அனுப்பினார். வேலை தேங்கியது. மேலாளர் இரண்டு தரம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனார். அப்போதுதான் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே அச்செடுத்த தாள்களைப் படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம்.

முக்கோணத்தின் மூன்று முனைகள் எங்கே இருக்கின்றன என்பது ஃபைலில் எண்களாக இருக்கிறது. ஒரு முனையிலிருந்து மற்ற இரண்டு முனைகளுக்குப் போகும் இரண்டு விளிம்புகளையும் வெக்டர் கணக்கில் வரும் குறுக்குப் பெருக்கல் செய்தால் ஊசியின் திசை வந்துவிடும். முனைகளை எந்த வரிசையில் சுற்றி வருகிறோமோ அதைப் பொறுத்து ஊசி இப்படியோ அப்படியோ நிற்கும். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் ஒரே விளிம்பில் எதிரெதிராக நடக்க வேண்டும். ஒரே திசையில் நடந்தால் இரண்டில் ஒன்று திரும்பியிருக்கிறது. இப்படி ஒன்றை வைத்து அடுத்ததைச் சரிசெய்துகொண்டே போனால் முழு வலையும் ஒருமுகமாகிவிடும். கடைசியில் அந்த ஒருமுகம் உள்ளேயா, வெளியேயா என்று தெரிய வேண்டும். அதற்கு, வரைபடத்தின் தொடக்கப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு முக்கோணமும் அடைக்கிற கன அளவைக் கூட்டினார். கூட்டல் குறி வந்தால் வெளியே. கழித்தல் வந்தால் மொத்தத்தையும் திருப்பு. எழுபது வரியில் ஸ்கிரிப்ட் முடிந்தது.

மற்றவர்கள் அரை மணி நேரம் கண்ணால் தேடியதை அது நாலு நொடியில் செய்தது. முடிந்ததும் திரையில் 'எல்லாம் நார்மல்' என்று காட்டும்படி எழுதியிருந்தார். அது அறை முழுக்கப் பரவியது. "எல்லாம் நார்மலாண்ணே?" என்பதுதான் அங்கே வணக்கம் சொல்வதற்குப் பதிலாக ஆனது. அந்த வருடம் பாராட்டுப் பத்திரம் கூடக் கொடுத்தார்கள். பதினொரு வருடம் அப்படியே ஓடியது. தப்பு எதுவும் வந்ததில்லை. வந்ததாக யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

அந்தத் தொட்டி வேலை ஒரு வியாழக்கிழமை வந்தது. சாக்கடைக் கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரியின் தொட்டி. உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்துவிட்டால் கழிவு தானாக ஏறும். அப்போது வெளிக்காற்று தொட்டியை நாலா பக்கமும் அமுக்கும். தகடு அதைத் தாங்க வேண்டும். தொட்டி இருபக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் நேரம் மிச்சம் பிடிக்கப் பூசணிக்காயைப் பிளந்தது போலப் பாதியை மட்டும் மெஷ் போட்டிருந்தார்கள். அவர் ஸ்கிரிப்ட்டை ஓட்டினார். 'எல்லாம் நார்மல்' வந்தது. வழக்கப்படி நிறப் பொத்தானைத் தட்டி, படம் எடுத்து அறிக்கையில் ஒட்டினார். முழுத் தொட்டியும் ஒரே நிறமாக இருந்தது. திட்டு எதுவும் இல்லை. ஒரே நிறம் என்றால் சரி என்று அனுப்பினார். அறிக்கையின் கீழே மேலாளரும் கையெழுத்துப் போட்டார்.

தொட்டி முழுக்கச் செங்கல் நிறமாக இருந்தது.

உள்ளிருந்து ஊதினால் தாங்கும் தகடு, வெளியிலிருந்து அமுக்கினால் அதே அளவு தாங்காது. ஊசிகள் எல்லாம் திரும்பி நின்றதால், உள்ளிருந்து ஊதுவதாகவே கணக்குப் போடப்பட்டது. தாராளமாகத் தாங்கும் என்று விடை வந்தது. எட்டு மாதம் கழித்து, தொட்டி செய்த பட்டறையில் சோதனைக்காகக் காற்றை இழுத்தபோது, காலி பாட்டிலை வாயால் உறிஞ்சியது போலத் தொட்டி ஒட்டிப்போனது. மூடியின் இரும்புக் கொக்கி தெறித்து, பக்கத்தில் நின்ற வெல்டரின் முழங்காலைச் சிதைத்தது.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தினார். திரையில் அந்தப் படம் இருந்தது.

"இது என்ன கலர்?"

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"உங்களைத்தான் கேக்குறேன். என்ன கலர்?"

கேட்கிற தொனியிலிருந்தே விடை தெரிந்துவிட்டது. "செங்கல் கலர், சார்."

"இப்ப தெரியுதுல்ல? சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். அன்னைக்கு ஏன் தெரியல?"

"பாக்கல சார். கவனிக்காம விட்டுட்டேன்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். குரல் இறங்கியது. "நானும் பாக்கல. கையெழுத்து என்னுதும் இருக்கு. பட்டறையில வெல்டிங் சரியில்லைன்னு ரிப்போர்ட் எழுதிட்டாங்க. அது அப்படியே போகட்டும். இந்த ரூமுக்கு வெளிய ஒரு வார்த்தை வேண்டாம்."

அவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் இருந்த பெண், "என்னண்ணே, முகமே சரியில்ல?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். ஸ்கிரிப்ட்டைத் திறந்து வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாம் நாள் பிடிபட்டது. பாதி வெட்டிய வடிவத்துக்கு ஒரு பக்கம் திறந்திருக்கும். வரைபடத்தின் தொடக்கப் புள்ளி அந்த வெட்டின் மேல் இருந்தால் கூட்டல் சரியாக வரும். இத்தனை வருடமும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். இந்தத் தொட்டிக்கு யாரோ புள்ளியைத் தொட்டிக்கு வெளியே, ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் குறி மாறியது. சரியாக நின்ற ஊசிகளை ஸ்கிரிப்ட்டே பிடித்துத் திருப்பிவிட்டது. பச்சையும் செங்கலும் தெரிந்த ஒருவர் படத்தை ஒரு நொடி பார்த்திருந்தால் போதும்.

பாதியாக வெட்டிய வேலைகள் இதுவரை எத்தனை போயிருக்கின்றன என்று பட்டியல் எடுத்தார். முப்பத்தொன்று. பட்டியலை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார்.

"இதையெல்லாம் ஒரு தடவை திரும்பப் பாத்துடணும் சார்."

"பாத்து?"

"தப்பா இருந்தா அந்தந்தக் கம்பெனிக்குச் சொல்லணும்."

"சொன்னா அவன் சும்மா இருப்பானா? இந்த ரூம்ல பதினாறு குடும்பம் இருக்கு. போய் வேலையைப் பாருங்க." மறுநாள் பழைய ஃபைல்களைத் திறக்கும் அனுமதி அவருக்கு இல்லாமல் போனது.

பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் கேட்டார். அவள் தன் லாகினில் இரண்டைத் திறந்து பார்த்தாள். ஒன்று சரியாக இருந்தது. மற்றது, ஏதோ ஒரு பெரிய மின்விசிறியின் கூடு, முழுக்கத் திரும்பி இருந்தது. அவள் உடனே மூடிவிட்டாள். "அண்ணே, என் குழந்தைக்கு நாலு வயசு. என்னை இதுல இழுக்காதீங்க." அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வெல்டரின் வீட்டைத் தேடிப் பிடித்துப் போனது அடுத்த வாரம். டயர்க் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. காலில் இரும்புச் சட்டம் மாட்டி, வெல்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தா சார்?"

"இல்லைங்க. அந்தத் தொட்டிக்குக் கணக்குப் போட்ட எடத்துல இருந்து வர்றேன். தப்பு எங்க பக்கம்தான். உங்க வெல்டிங்ல இல்ல."

வெல்டர் சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன் சார். என் வெல்டிங் விட்டிருந்தா தகடு பிரிஞ்சிருக்கணும். இது நசுங்கிப் போச்சு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது. ஒருத்தனும் காதுல வாங்கல. இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் டார்ச் பிடிச்ச கை. கை சரியில்லைன்னு எழுதி வெளிய அனுப்பிட்டாங்க. நஷ்ட ஈடும் கெடையாதாம்."

மனைவி வாசற்படியில் நின்றபடி கேட்டாள்: "நீங்க சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்குறேன்ம்மா."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "எழுதினா, படத்தைப் பாத்தும் ஏன் விட்டீங்கன்னு கேப்பாங்க."

"ஆமா."

"அதுக்கு என்ன சொல்வீங்க?"

"உள்ளதைத்தான் சொல்லணும்."

"இத்தனை வருஷம் நான் முடிச்சுப் போட்டுப் போட்டுக் காப்பாத்துனது" என்றாள். ஆனால் எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. படித்துக்கொண்டிருந்த மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, தானே தாளும் பேனாவும் எடுத்து வந்து வைத்தாள்.

நாலு பக்கம் எழுதினார். ஊசி, தொடக்கப் புள்ளி, கூட்டல் குறி எல்லாவற்றையும் யாருக்கும் விளங்கும்படி எழுதினார். தன் கண்ணைப் பற்றியும் எழுதினார். முப்பத்தொரு வேலைகளின் பட்டியலையும் சேர்த்தார். ஒரு பிரதி தொட்டிக் கம்பெனிக்கு, ஒன்று வெல்டருக்கு, ஒன்று தன் அலுவலகத்துக்கு.

ஐந்தாம் நாள் வேலை போனது. உடற்குறையை மறைத்து வேலையில் சேர்ந்தது, நிறுவனத்தை ஏமாற்றியது என்று எழுதியிருந்தார்கள். தொட்டியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. மேலாளர் அன்று விடுப்பில் இருந்தார். அறையில் யாரும் தலை நிமிரவில்லை. டிபன் பாக்ஸையும் ஒரு ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கினார்.

தொட்டிக் கம்பெனி கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை; வெல்டர் தரப்பில் அதன் மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அவர் சாட்சி சொல்லப் போனார். கம்பெனி வக்கீல் அதிகம் கேட்கவில்லை. இரண்டு நிற அட்டைகளைத் தூக்கிக் காட்டி, "இதுல பச்சை எது?" என்றார். அவர், தெரியாது என்றார். "நிறமே தெரியாதவர், படத்துல நிறம் தப்பா இருந்ததுன்னு சாட்சி சொல்ல வந்திருக்கார். அதுவும் ஏமாத்துனதுக்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்." எண்களை வைத்து விளக்குகிறேன் என்று அவர் தாளை எடுத்தார். அதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். தீர்ப்பு வெல்டருக்கு எதிராக வந்தது.

மேல்முறையீட்டுக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவர் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளை எண்ணி ஏற்றி அனுப்பும் வேலைக்குப் போனார். மற்ற இடங்களில் விண்ணப்பத்தில் 'உண்டு' என்று எழுதினார். அங்கிருந்தெல்லாம் பதில் வரவில்லை. ஒருநாள் பக்கத்து சீட்டுப் பெண் போன் செய்தாள். அந்த ஸ்கிரிப்ட்டைத்தான் இன்னும் தினமும் ஓட்டுகிறார்களாம்.

"அந்தக் கடைசி வரியை மட்டுமாவது மாத்திடும்மா. நான் சொல்றேன், எழுதிக்கோ."

"மாத்துனா யார் மாத்துனாங்கன்னு சர்வர்ல பேர் விழுந்துடும்ணே. முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு சார் தொடக்கூடாதுன்னுட்டார்." பிறகு, "உங்க குரலைக் கேக்கணும்னு தோணுச்சு, அதான்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாதம் ஒருமுறை வெல்டர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். போகும்போதெல்லாம் புதிதாக எதையாவது எழுதி எடுத்துக்கொண்டு போவார். தொட்டியின் படத்தைக் காகிதத்தில் வரைந்து, நீதிபதிக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று வெல்டரிடமே சொல்லிப் பார்ப்பார். வெல்டருக்கு அது நன்றாகவே புரிந்தது. அவருக்குப் புரிந்து ஆகப்போவது எதுவும் இல்லை. காலில் இருந்த சட்டத்தைக் கழற்றியிருந்தார்கள். முழங்கால் மடங்கவில்லை.

ஆறாவது முறை போனபோது வெல்டரின் மனைவி வீட்டில் இல்லை. வெல்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க சார். இனிமே வராதீங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"உங்க மேல கோவம் இல்ல. உங்களை மாதிரி ஒருத்தன் வந்து சொன்னதே பெருசு. ஆனா நீங்க வந்துட்டுப் போனா, இவ ஏதோ நடக்கப் போகுதுன்னு நெனைச்சுக்குறா. ரெண்டு நாள் நல்லா இருப்பா, பாட்டுக்கூடப் பாடுவா. அப்புறம் அழுவா. என்னால அதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியல."

அவர் தலையை ஆட்டினார். தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே சுவரோரம் போட்டார். வெல்டரின் மனைவி வரும்போது எதிரே போக வேண்டாம் என்று டயர்க் கடையைச் சுற்றி, பின்பக்கச் சந்து வழியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.